ஃபைன் கட்டிவிடலாமா, கேஸ் நடத்தலாமா? ரத்தப் பரிசோதனையை நம்பி நிற்கும் போதை ஓட்டுநர் வழக்குகள்

வழக்கறிஞரான என் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தடய அறிவியல் துறையின் ஆய்வறிக்கை. ரத்தத்தில் டிராமடால் இருப்பதாகச் சொன்னது. இன்னொன்று, மருத்துவமனை கேஸ் ஷீட்டின் நகல். அதில் நர்ஸ் கையெழுத்தில் ஒரு வரி: இரவு 11.40, டிராமடால் ஊசி. இரண்டு வரி தள்ளி இன்னொன்று: 12.25, போலீஸ் மெமோவின்படி ரத்தம் எடுக்கப்பட்டது. எண்ணூர் விரைவுச்சாலையில் மீடியனில் வண்டி ஏறி, ஸ்டியரிங்கில் நெஞ்சு அடிபட்டு வந்த மனிதருக்கு வலி தாங்காமல் டாக்டர் போட்ட ஊசி அது. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அதே மருந்தைக் கண்டுபிடித்து, போதையில் வண்டி ஓட்டினார் என்று கேஸ் போட்டிருந்தார்கள்.

எர்ணாவூரைச் சேர்ந்த அந்த டிரெய்லர் ஓட்டுநர் என்னிடம் வந்ததே வேறு கேள்வியோடுதான். "சார், பத்தாயிரம் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு ஸ்டாண்டுல சொல்றாங்க. கட்டிடட்டுமா?" அன்றைக்கு நான் சரி என்று சொல்லியிருந்தால், செய்யாத குற்றத்தை அவர் கோர்ட்டில் நின்று ஒப்புக்கொண்டிருப்பார். கேஸ் ஷீட்டை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

வடசென்னையில் பல வீடுகளில் அடுப்பு எரிவதே ஒருவருடைய லைசென்ஸை நம்பித்தான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுகிறவர்கள், மணலியிலிருந்து கிளம்பும் டேங்கர் ஓட்டுநர்கள், காசிமேட்டில் விடியற்காலை மீன் லோடு எடுக்கிறவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள். இவர்களுக்கு இந்த வழக்கு வந்தால் எந்த வழியில் போவது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதையில் வண்டி ஓட்டுவது சின்னத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. நாற்பது அடி கன்டெய்னரும், ஸ்கூட்டியில் பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற அம்மாவும் ஒரே சாலையில் போகிற ஊர் இது. ஆனால் மது அல்லாத போதை வழக்கில், ஒருவர் போதையில்தான் ஓட்டினாரா என்பதை ரத்தப் பரிசோதனை அறிக்கை மட்டுமே முடிவு செய்துவிட முடியாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் கேட்பது என்ன

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. மதுவுக்கு இதில் ஓர் எண் இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம், அவ்வளவுதான். நேராக நடந்தாரா, தெளிவாகப் பேசினாரா என்ற கேள்வி வராது. போதைப்பொருளுக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் ஆதிக்கத்தில் இருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2015 மார்ச் முதல் போதைப்பொருட்களுக்கும் எல்லை வகுத்துவிட்டார்கள்; கஞ்சாவின் டி.எச்.சி.க்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம். நம் சட்டத்தில் அந்த மாதிரிப் பட்டியல் இல்லை. ஆகவே மருந்து வழக்கில், அதாவது கஞ்சாவோ மாத்திரையோ மது அல்லாத போதை வழக்கில், லேப் அறிக்கை பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் பொருட்களெல்லாம் இந்தப் பிரிவின் 'போதைப்பொருள்' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. கஞ்சா, ஹெராயின் மட்டுமல்ல. தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்பிரஸோலம், டயஸிபாம், வலிக்குக் கொடுக்கும் டிராமடாலும் (இது 2018 முதல்) அதில் அடக்கம். டாக்டர் சீட்டு இருக்கிறது என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. ரத்தத்தில் இருந்தது என்பதால் மட்டும் மாட்டிக்கொண்டோம் என்றும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பிரிவுக்கு ரோட்டிலேயே ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்கும் வழி சட்டத்தில் இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இங்கேயே முடித்துத் தருகிறேன் என்று யார் கையை நீட்டினாலும் கொடுக்காதீர்கள்.

ரத்தம் கொடுப்பதா, மறுப்பதா

முதல் முடிவை அன்றிரவே எடுக்க வேண்டியிருக்கும். மறுத்துவிட்டால் ஆதாரமே இருக்காது என்று ஓட்டுநர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலுச் சேர்க்கும் சங்கதியாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 205 சொல்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியலமைப்புச் சட்டம் 20(3) வாதமும் இங்கே எடுபடாது. 1961-இல் கதி காலு ஓகத் வழக்கிலேயே, கைரேகை மாதிரியான உடல் சார்ந்த ஆதாரங்களை வாய்ச் சாட்சியத்திலிருந்து உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது. 2010-இல் செல்வி வழக்கில், சம்மதமில்லாமல், உண்மையைச் சொல்ல வைக்கப் போடும் நார்கோ ஊசியைப் போடக் கூடாது என்று சொன்ன அதே நீதிமன்றம், ரத்த மாதிரி எடுப்பதைத் தடுக்கவில்லை. கைதானவரிடம் ரத்தம் எடுக்க பி.என்.எஸ்.எஸ். எனப்படும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவில் டாக்டருக்கு அதிகாரம் இருக்கிறது. தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் அது இடம் கொடுக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊதும் கருவி மதுவைக் காட்டினால், அல்லது ஊத மறுத்தால், ஸ்டேஷனில் ரத்தம் கேட்கலாம் என்றுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 204 சொல்கிறது. ஊதும் கருவிக்கு மது மட்டும்தான் தெரியும்; கஞ்சாவும் மாத்திரையும் தெரியாது. ஊதிப் பூஜ்ஜியம் வந்த ஒருவரிடம் ரத்தம் எடுத்திருந்தால், எந்தப் பிரிவின்படி எடுத்தார்கள், சந்தேகத்துக்கு என்ன காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு கேட்கலாம். அதைக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். சாலையில் மல்லுக்கு நின்றால் இன்னொரு பிரிவுதான் சேரும்.

ஆகவே கொடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை குழாய், கண்முன்னே சீல் வைத்தார்களா என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். பெண் ஓட்டுநராக இருந்து, ரத்தம் எடுப்பவர் ஆண் டாக்டராக இருந்தால், இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்பதும் 204-இலேயே இருக்கிறது.

கைதான இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்காவிட்டால் கேஸ் போச்சு என்று பலர் சொல்வார்கள். பிரிவு 202 சொல்வது அதுவல்ல. காவலிலிருந்து விட வேண்டும் என்றுதான் சொல்கிறது. கேஸ் நடக்கும். ஆனால் தாமதமாக எடுத்த ரத்தம், வண்டி ஓட்டிய நேரத்து நிலையை எவ்வளவு தூரம் காட்டும் என்று குறுக்கு விசாரணையில் கேட்க அது நல்ல பிடி.

அறிக்கையை எப்படிப் படிப்பது

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரத்தக் குழாயிலிருந்து ஆரம்பிக்கலாம். சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாய் அது. உள்ளே சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்ஸலேட்டும் பொடியாக இருக்கும். ஒன்று ரத்தம் கெடாமல் காக்கும், இன்னொன்று உறையாமல் காக்கும். ஃப்ளோரைடு இல்லாத சாதாரணக் குழாயில் எடுத்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்டால், கிருமிகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நொதிக்க வைத்து மதுவை உண்டாக்கிவிடக்கூடும். கோகெய்ன் மாதிரிப் பொருட்கள் தானாகவே சிதைந்து போகும். மது வழக்கென்றால் ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா என்பதும் கேள்வி. நான் பார்த்த ஒரு வழக்கில் குழாயின் லேபிளில் நேரத்தை நீலப் பேனாவில் எழுதி, மேலேயே கறுப்புப் பேனாவில் திருத்தியிருந்தார்கள். திருத்தியது யார் என்று கேட்டபோது டாக்டருக்கும் தெரியவில்லை, எடுத்துப்போன காவலருக்கும் தெரியவில்லை.

குழாய் மருத்துவமனையிலிருந்து ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து கோர்ட் கடிதத்தோடு மயிலாப்பூர் காமராஜர் சாலையில் உள்ள தடய அறிவியல் துறை அலுவலகத்துக்குப் போகும். நடுவில் எத்தனை நாள், எங்கே வைத்திருந்தார்கள், சீல் அப்படியே இருந்ததாக லேப் எழுதியிருக்கிறதா, மெமோவில் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் அல்லது அங்கீகரித்த ஆய்வகத்தின் சோதனைதான் 204-இன்படி 'லேப் டெஸ்ட்'. சிகிச்சைக்காக மருத்துவமனையே செய்த சோதனையை எடுத்துவந்து வைத்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது, எந்த முறையில் சோதித்தார்கள். முதற்கட்டமாகச் செய்யும் இம்யூனோ அஸ்ஸே ஒரு சல்லடை மாதிரி. ஒரே சாயலில் இருக்கிற எதையும் அது பிடிக்கும். சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெடமைன் என்று காட்டலாம். லெவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் ஓபியம் வகை என்று காட்டலாம். அதனால்தான் ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். என்ற கருவியில் போட்டு, இன்ன பொருள், இன்ன அளவு என்று உறுதிசெய்ய வேண்டும். அறிக்கையில் அளவே இல்லாமல் 'உள்ளது' என்று மட்டும் இருந்தால், அந்த ஒரு சொல்லிலிருந்து வண்டி ஓட்ட முடியாத நிலையை யாராலும் கணக்கிட முடியாது. குருமாவில் அரைத்துப் போடும் கசகசாவிலும் துளி மார்ஃபின் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதை வாதமாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது பொருந்தி நான் பார்க்கவில்லை. பொய்க் காரணம் நல்ல காரணத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கஞ்சா விஷயம் தனி. இழுத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் டி.எச்.சி. உச்சத்துக்குப் போகும், சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கும். அது உடைந்து உண்டாகும் கார்பாக்ஸி டி.எச்.சி. என்ற எச்சம் மட்டும் நாள்கணக்கில் தங்கும். தினமும் பழக்கமுள்ளவரின் சிறுநீரில் வாரக்கணக்கில்கூட இருக்கும். இந்த எச்சத்துக்குப் போதை தரும் சக்தி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை செய்ததற்கு வியாழக்கிழமை ஓட்டியதில் கேஸ் வந்தால், அறிக்கையில் இருப்பது டி.எச்.சி.யா அதன் எச்சமா என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. இதே காரணத்தால், கேஸ் வந்த மறுநாள் நீங்களாக ஒரு தனியார் லேபுக்குப் போய்ச் சிறுநீர்ச் சோதனை செய்து 'நிரூபிக்க' ஓடாதீர்கள். பழைய பழக்கம் ஏதும் இருந்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மீதிப் பாதி, டாக்டரின் நேரடிப் பரிசோதனை. நடை, பேச்சு, கண்மணி, நாடித் துடிப்பு, மூக்கைத் தொடச் சொன்னது. இங்கே மது வழக்குகளில் டாக்டர்கள் 'மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் ஆதிக்கத்தில் இல்லை' என்று சான்று எழுதுவது சகஜம். மருந்து வழக்கில் அந்த மாதிரி ஒரு வரி இருந்தால், லேப் அறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பச்சுபாய் ஹசனாலி கர்யானி வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம், வாயில் வாடை, தள்ளாட்டம், குழறல் இவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று சொன்னது. ஆக, மருந்து வழக்கில் அறிக்கை மட்டும் இருந்தாலும் பற்றாது, அடையாளங்கள் மட்டும் இருந்தாலும் பற்றாது. இரண்டும் சேர்ந்து, நேரமும் பொருந்தி, சி.சி.டி.வி.யில் வண்டி அலைபாய்ந்ததும் தெரிகிறது என்றால், அது வலுவான வழக்கு. அப்போது சொல்ல வேண்டிய யோசனையே வேறு.

ஒப்புக்கொண்டு கட்டுவது

இதன் நன்மை வெளிப்படை. ஒரே நாளில் முடியும். கேஸ் நடத்தினால் வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும், ஜார்ஜ் டவுன் கோர்ட் வராந்தாவில் காலை பத்து மணியிலிருந்து காத்திருக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு இது பெரிய விஷயம். யாரும் அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் 10,000 ரூபாயோடு முடிவதில்லை. ஒப்புக்கொண்டாலும் சிறைத் தண்டனை கொடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பிறகு மனம் மாறினால், தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டுமே அப்பீல் போக முடியும். நான் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் சொன்னதன்படி குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் சஸ்பென்ஷன். இந்தப் பிரிவில் சிக்கும் லைசென்ஸை போலீஸே பிடித்து அனுப்பவும் 2019 திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போக நினைக்கும் பையன்கள் போலீஸ் கிளியரன்ஸ் சான்று கேட்கும்போது இது முன்னால் வந்து நிற்கும். அடுத்த முறை இதே பிரிவில் மாட்டினால் 'இரண்டாம் குற்றம்'.

விபத்து நடந்திருந்தால் இந்த வழியை யோசிக்கவே யோசிக்காதீர்கள். விபத்துக்கு, பி.என்.எஸ். எனப்படும் குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் 281, உயிர்ப் பலி என்றால் 106 என்று தனிப் பிரிவுகள் வரும். இங்கே ஒப்புக்கொண்டதை அங்கே எடுத்துக் காட்டுவார்கள். நஷ்டஈட்டு வழக்கிலும் அப்படித்தான். 185-இன்படி மதுவிலோ போதையிலோ ஓட்டியது இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சட்டமே கொடுத்திருக்கும் ஒரு காரணம். அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வரலாம். சொந்த வண்டிக்கான கிளைமில் இன்னும் கடுமை. ரத்தச் சோதனையே இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி மறுக்கலாம் என்று இஃப்கோ டோக்கியோ – பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு 10,000 ரூபாய் மிச்சம் பிடித்த கதை லட்சக்கணக்கில் முடியும்.

ஒப்புக்கொள்வதிலேயே கொஞ்சம் நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்கிறவர்கள் குறைவு. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். முன்பு தண்டனை ஏதும் பெறாதவரை, இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனை உள்ள குற்றத்தில், எச்சரித்தோ நன்னடத்தை உறுதி வாங்கியோ விட அதன் 3, 4-ஆம் பிரிவுகள் இடம் தருகின்றன. அப்படி விட்டால், தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12-ஆம் பிரிவு. கொடுப்பதும் மறுப்பதும் மாஜிஸ்திரேட் கையில். யாருக்கும் அடிபடாத, அறிக்கை உறுதியாக இருக்கிற, உண்மையிலேயே தப்பு செய்துவிட்டு வருந்துகிற ஒருவருக்கு, வெறுமனே ஃபைன் கட்டுவதைவிட இதைக் கேட்டுப் பார்ப்பது மேல்.

நடத்துவது

நடத்துவதாக முடிவெடுத்தால் முதல் வேலை, காகிதங்கள். போலீஸ் தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இலவசமாகக் கிடைக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலும் கைதானவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். இவற்றோடு ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), முழு கேஸ் ஷீட், மருந்து கொடுத்த சார்ட் மூன்றையும் தனியாக மனுப் போட்டு வாங்குங்கள். நான் சொன்ன எர்ணாவூர்க்காரரின் வழக்கு நின்றதே அந்தச் சார்ட்டில்தான்.

அரசு ஆய்வக அதிகாரியின் அறிக்கையை, அவர் கூண்டில் ஏறாமலே சாட்சியமாக ஏற்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 329 சொல்கிறது. அவரைக் கூப்பிடுங்கள் என்று நாம் கேட்டால்தான் கோர்ட் யோசிக்கும். கேட்காவிட்டால் காகிதம் தானாகப் பதிவாகிவிடும். அதற்கு முன்பே, ஆவணங்களை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று 330-இன்படி கேட்கும் கட்டம் வரும். அவசரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணையில் லேப் அதிகாரியைத் தேடும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் வழக்கறிஞரிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

மீதமுள்ள மாதிரியை அழிக்காமல் வைத்திருக்கவும், தேவைப்பட்டால் மறுபடி சோதிக்கவும் ஆரம்பத்திலேயே மனுப் போடலாம். இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. இன்னொரு பகுதியை எதிரி கையில் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அதோடு நாளாக ஆகச் சில பொருட்கள் குழாயிலேயே குறைந்துபோகும். ஒரு வருடம் கழித்துச் செய்யும் மறுசோதனையில் ஒன்றுமே வரவில்லை என்றால், முதலிலும் இல்லை என்று அது நிரூபித்ததாகாது. மறுசோதனை கேட்பதென்றால் சீக்கிரம் கேட்க வேண்டும்.

எர்ணாவூர்க்காரரின் வழக்கு ஒன்றரை வருடம் ஓடியது. பதினாலு வாய்தா. விடுதலையானார். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் ஆறு மாதம் வண்டியில்லாமல் கிளீனராகப் போனார், மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். வழக்கை நடத்து என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது இன்னொரு வழி. பி.என்.எஸ்.எஸ். 528. காகிதத்தைப் பார்த்தவுடனே குறை தெரிகிற வழக்குக்குத்தான் அது: ரத்தமே எடுக்கவில்லை, அறிக்கையே இல்லை, அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் குற்றப்பத்திரிகை போட்டிருக்கிறார்கள், இந்த மாதிரி. லேபிளில் திருத்தம், தாமதம், ஊசி நேரம் இதெல்லாம் சாட்சியை விசாரித்துத் தீர்க்க வேண்டியவை. அங்கே போனால் கீழ்க்கோர்ட்டில் போய்ச் சொல் என்று அனுப்பிவிடுவார்கள். செலவும் அதிகம்.

பழக்கம் உண்மையாக இருந்தால்

இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. துறைமுக கேட்டில் லாரி வரிசையில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து நிற்கிற பையன்கள், முதலில் அசதிக்கு என்று ஆரம்பிப்பது பிறகு நின்றுவிடுவதில்லை. அப்படிப்பட்டவரின் அம்மா ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தார். "நீங்க கேஸை ஜெயிச்சிக் குடுத்துடுவீங்க தம்பி. அவன் மறுபடி வண்டி ஏறுவான். அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

போதைப்பொருள் பயன்படுத்தியதற்காக என்.டி.பி.எஸ். 27-ஆவது பிரிவும் சேர்ந்திருந்தால், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு அந்தக் குற்றத்திலிருந்து பாதுகாப்பு தரும் 64-ஏ பிரிவு இருக்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற்றுவிடலாம். 185-ஐ அது அழிக்காது. ஆனால் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் கேட்கும்போதும் தண்டனையின் அளவைப் பேசும்போதும், சிகிச்சைச் சான்று இருக்கிறவரையும் இல்லாதவரையும் எந்த மாஜிஸ்திரேட்டும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் கேட்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கேஸ் பலவீனமாக இருந்து விடுதலை கிடைக்கும் என்று தெரிந்தாலும், இப்படிப்பட்டவர்களை சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுத்தான் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறேன்.

யாருக்கு எது

மது வழக்கு, அளவு 30-க்கு மேல் தெளிவாக இருக்கிறது, யாருக்கும் அடியில்லை, முதல் முறை. நன்னடத்தைச் சட்டத்தைக் கேட்டபடி ஒப்புக்கொள்ளலாம். மருந்து வழக்கு, அளவில்லாத அறிக்கை, டாக்டர் சான்றில் நடை பேச்சு எல்லாம் சரி. நடத்துங்கள். விபத்துக்குப் பிறகு மருத்துவமனையில் எடுத்த ரத்தம் என்றால், மருந்துச் சார்ட்டைப் பார்க்கும்வரை எந்த முடிவும் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அல்லது வலி மாத்திரை என்றால், பழைய சீட்டு, மெடிக்கல் பில், எவ்வளவு காலமாக என்ன அளவில் சாப்பிடுகிறீர்கள் என்று அந்த டாக்டரின் கடிதம், இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு நடத்தலாம். ஆனால் அந்த மாத்திரைச் சீட்டிலேயே 'வண்டி ஓட்டக் கூடாது' என்று போட்டிருந்தால் அதற்கும் பதில் வேண்டும். யாராவது இறந்துபோயிருந்து, எல்லா ஆதாரமும் பொருந்தி நிற்கிறது என்றால், முழு வழக்கையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய அனுபவமுள்ள வழக்கறிஞர் இல்லாமல் 185-ஐப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கோர்ட்டில் பேசாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்பதால் மட்டும் ஒப்புக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உரிமை இருக்கிறது. ஆணையத்தின் மாநில அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான். ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். 15100-க்கும் கூப்பிடலாம். யாரிடம் போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். ஏ.ஆர். காப்பி, மருந்துச் சார்ட்டின் நகல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், காலியானவை உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.